பனி பறக்குது, சில்லு சுத்துதில்லை

போன நவம்பரில், ரொறொன்ரோவில் ஸ்காபரோவிலேயே ஒரு வீட்டில், பனியை அள்ளி வீசும் பழைய ஸ்னோ புளோவர் மெஷின் ஒன்று வாங்கினேன். எட்டுக் குதிரைவலு டெக்கும்சே எஞ்சின், 26 அங்குல வாய். அந்தக் கொம்பனி 2008இல் எஞ்சின் செய்வதை விட்டுவிட்டதால் மெஷினின் வயதை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் இரண்டாவது இழுவையிலேயே ஸ்டார்ட் ஆனது, காய்ந்த டிரைவ்வேயில் தானாக நடந்தது. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் பெரிய ஸ்னோவில்தான் வண்டவாளம் தெரிந்தது. முன்னால் பனியை அள்ளும் திருகு சுழலுது, பனி பறக்குது. ஆனால் வீதிப்பனி தள்ளும் பிளவ் லொறி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன கட்டிப்பனியில் முட்டியதும் சில்லு இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. தொடையால் உந்தி உந்தித் தள்ளினேன். மனைவி யன்னலைத் திறந்து, "இஞ்சேருங்கோ, இதுக்கு சவலே காணுமே" என்றா.

சில்லை அச்சோடு கொளுவும் பின்னை முதலில் பார்த்தேன். அது வெளித்துளையில் இருந்தால் சில்லு சும்மா உருளும். எனக்கு உள்துளையில், சரியாகத்தான் இருந்தது. கைப்பிடி லீவரை அழுத்தினால் சில்லை ஓடவைக்கும் டிரைவ் கேபிளை இறுக்கினேன். ஓடியது! அரை மணித்தியாலம். பிறகு பழையபடி. இன்னும் இறுக்க, லீவரை விட்டபிறகும் மெஷின் கராஜ் கதவை நோக்கி மெல்ல ஊர்ந்தது. பயந்துபோய்த் தளர்த்தினேன். பெல்ட்டையும் மாற்றினேன், தண்டச் செலவு.

"மச்சான், மேலால நோண்டாமல் நிமித்திப்போட்டு அடியைத் திற" என்றான் கராஜில் வேலைசெய்யும் நண்பன்.

பிளக் வயரைக் கழற்றி, பெற்றோலை வடித்துவிட்டு, வாய் நிலத்தில் படிய நிமிர்த்தி, அடித்தகட்டைக் கழற்றினோம். உள்ளே எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் ஒரு வட்டத்தட்டு. அதற்குச் செங்குத்தாக, விளிம்பில் றப்பர் வளையம் போட்ட சிறு சில்லு. லீவரை அழுத்தினால் இரண்டும் தொட்டு உராயும். றப்பர்ச் சில்லு தட்டின் ஓரத்துக்குப் போகப்போக வேகம் கூடும், நடுவைத் தாண்டினால் ரிவேர்ஸ். பல்சக்கரம்தான் வேகத்தை மாற்றுகிறது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

றப்பர் தேய்ந்து இரும்பு விளிம்போடு மட்டமாகக் கிடந்தது. ஒரு இடத்தில் குழி. றப்பர்ச் சில்லு அசையாமல் நிற்க, தட்டு மட்டும் சுழன்று அரித்த குழி அது. தட்டிலோ கிறீஸ் பளபளத்தது. றப்பர்ச் சில்லு நகரும் அறுகோணத் தண்டுக்கு யாரோ அள்ளிப் பூசியது தெறித்திருக்கிறது. உராய வேண்டிய இடத்தில் போய்க் கிறீஸ்!

புது வளையம் வர ஒரு கிழமை. பழையதைப் பிடித்திருந்த திருகாணிகள் துருவேறிப் போயிருந்தன. ஒன்றின் தலை வழிந்துவிட, துளைபோட்டுத்தான் எடுத்தோம். அதற்கே ஒரு பின்னேரம் போனது. தட்டை பிரேக் கிளீனர் அடித்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். கேபிளையும் முதலிலிருந்து சரிசெய்தோம். தேய்ந்த றப்பருக்கு இறுக்கிய அளவு புதியதற்குக் கூடிப்போகும்.

எஞ்சினைப் போடாமல், முன் கியரில் லீவரை அழுத்திப் பிடித்தபடி மெஷினைப் பின்னுக்கு இழுத்தேன். சில்லு உருளவில்லை, சீமெந்தில் அரைபட்டுக்கொண்டு வந்தது. றப்பர் தட்டைப் பிடிக்குது என்று அர்த்தம். வாங்கப்போன அன்று இப்படி ஒரு இழுவை இழுத்திருந்தால் விலையையாவது குறைத்துக் கேட்டிருப்பேன்.

இப்போது கட்டிப்பனிக்குள்ளும் நிற்காமல் போகிறது. ரிவேர்ஸ் மட்டும் முதல் முயற்சியில் விழாது, கொஞ்சம் முன்னுக்கு விட்டுத்தான் போடவேண்டும். ஸ்னோ முடியட்டும், பார்ப்போம்.