எத்தனை சுற்று தாங்கும் என்று கேட்டால் ஏன் முழிக்கிறேன்

என் வேலை என்னவென்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி ஒன்றுதான்: "அப்படியா, சரி, ஒரு இரும்புக் கம்பி எத்தனை தடவை தாங்கும்?" உலோகத் துண்டுகளை மெஷினில் மாட்டி, இழுத்து விட்டு, மறுபடி இழுத்து விட்டு, உடைகிற வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கேட்பவர்கள் மேல் தப்பே இல்லை. என்னிடம் ஒரு நம்பர் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருக்கிறது. ஒரே கம்பியிலிருந்து வெட்டிய பன்னிரண்டு துண்டுகளுக்குப் பன்னிரண்டு நம்பர் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

உலோகச் சோர்வு என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர். உழைத்து உழைத்து முழு இரும்பும் தளர்ந்துபோகிறது என்று நினைக்க வைக்கிறது. அப்படி ஒன்றும் நடப்பதில்லை. ஒரே தடவை கொடுத்தால் எதையும் செய்துவிடாத ஒரு சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது, எங்கோ ஒரு மூலையில், பெரும்பாலும் மேற்பரப்பில், ஒரு விரிசல் பிறக்கிறது. அது வளர்கிறது. மீதி உலோகம் கடைசி நிமிடம் வரை புதுசு போலவே இருக்கும். 1842-இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பெரிய விபத்து நடந்தது. அந்தக் காலத்தில், அதிர்வினால் இரும்பு "படிகமாக மாறிவிட்டது" என்று பலர் நம்பினார்கள், ஏனென்றால் முறிந்த முகம் பளபளவென்று படிகம் மாதிரி தெரியும். இரும்பு முதலிலிருந்தே படிகம்தான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளை எடுத்துச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ரயில் அச்சை யோசித்துப் பாருங்கள், பெட்டியின் எடை அதை வளைத்துக்கொண்டே இருக்கிறது, அச்சோ சுழல்கிறது. மேலே இருந்த இடம் அரைச் சுற்றில் கீழே வந்துவிடும், அதனால் இழுபட்ட இடம் அழுத்தப்படும், அழுத்தப்பட்டது இழுபடும், ஒவ்வொரு சுற்றிலும். வோலர் செய்தது இதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்ததுதான். சுமையைக் குறைத்தால் எத்தனை சுற்று கூடுகிறது என்று பார்த்தார். இன்றும் நான் செய்வது அதேதான், மெஷின் மட்டும் விலை கூடிவிட்டது.

பொறுமை வேண்டும். ஒரு தடவை இழுத்து விட்டால் அது ஒரு சுற்று. ஹைட்ராலிக் மெஷினை நொடிக்கு 20 சுற்று ஓட்டினால் ஒரு கோடி சுற்றுக்கு ஐந்து நாள் பத்தொன்பது மணி நேரம் ஆகும், அதுவும் ஒரே ஒரு துண்டுக்கு. நொடிக்கு 20,000 தடவை அதிர வைக்கிற அல்ட்ராசோனிக் மெஷினும் இருக்கிறது, அதில் அதே ஒரு கோடி எட்டு நிமிடம் இருபது நொடியில் முடிந்துவிடும், கணக்குப்படி. நிஜத்தில் துண்டு சூடாகிவிடும், விட்டு விட்டு ஓட்டி ஆற வைக்க வேண்டும். அவ்வளவு வேகத்தில் கிடைத்த விடையும் மெதுவாக ஓட்டிக் கிடைத்த விடையும் ஒன்றுதானா என்ற சண்டை வேறு.

இப்படிக் கிடைக்கிற புள்ளிகளை வரைபடத்தில் வைப்போம். நிலைக்குத்தாகத் தகைவு, அதாவது ஓரலகு பரப்பின் மேல் விழுகிற விசை; கிடையாக எத்தனை சுற்றில் உடைந்தது என்பது. புள்ளிகளின் நடுவே ஒரு கோடு. எல்லோரும் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கோட்டின் மேல் பெரிய மரியாதை இல்லை. சுமை அதிகமாக இருக்கும்போது புள்ளிகள் ஓரளவு கூடி நிற்கும். சுமை குறையக் குறையச் சிதறிவிடும், ஒரே தகைவில் ஒன்று இரண்டு லட்சத்தில் போகும், இன்னொன்று இருபது லட்சம் தாண்டும். இன்னும் சில உடையவே உடையாது, ஒரு கோடி ஆனதும் நாங்களே நிறுத்திவிட்டுப் புள்ளிக்குப் பக்கத்தில் வலப்பக்கம் ஒரு அம்புக்குறி போடுவோம். "நாங்கள் நிறுத்தும்போது உடைந்திருக்கவில்லை", அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு "அப்போ இது எப்போதுமே உடையாது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. சாதாரண எஃகுக்கு அது ஓரளவு பொருந்தும், அதிலும் துரு பிடிக்காத வரைக்கும்தான். அலுமினியத்துக்குச் சொல்லவே கூடாது, அதன் கோடு கிடைமட்டமாகப் படுக்காமல் இறங்கிக்கொண்டே போகும்.

இந்தச் சிதறலை நான் முதலில் மெஷினின் கோளாறு என்றுதான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பன்னிரண்டு எஃகுத் துண்டுகள், நடுவில் மெலிந்து இருபுறமும் பருத்த வழக்கமான வடிவம், எல்லாம் ஒரே கம்பியிலிருந்து லேத்தில் கடைந்தவை. ஒரே தகைவில் ஆறு துண்டு ஓட்டினேன். மூன்று சீக்கிரமே உடைந்தன, மூன்று ஒரு கோடியைத் தாண்டி ஓடின. நடுவில் எதுவுமே இல்லை. சரி, பிடிப்பான் நேராக இல்லை போல, துண்டு வளைந்து இழுபடுகிறது என்று இரண்டு நாள் அதை நோண்டினேன். நேராகத்தான் இருந்தது. அப்புறம் மூத்தவரிடம் போய் நின்றேன்.

"உடைந்த துண்டெல்லாம் எங்கேப்பா?"

"ஸ்க்ராப் டப்பாவில் போட்டுவிட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை மட்டும் பார்த்தார். டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். எடுத்ததும் நான் செய்த அடுத்த காரியம், இரண்டு பாதியையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தது. எல்லோருக்கும் கை அப்படித்தான் போகும், உடைந்த கோப்பையை ஒட்ட வைக்கிற மாதிரி. செய்யவே கூடாது. விரிசல் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதெல்லாம் அந்த முகத்தில்தான் இருக்கிறது, இரண்டையும் உரசினால் அழிந்துபோகும். நல்லவேளையாக ஒன்றைத்தான் உரசினேன், மற்ற இரண்டையும் அவர் பிடுங்கிக்கொண்டார்.

முறிந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தால் அது ஒரு கதை. மழமழவென்று ஒரு பகுதி இருக்கும், விரிசல் மெதுவாக ஊர்ந்த இடம். கரடுமுரடாக ஒரு பகுதி இருக்கும், மிச்சமிருந்த உலோகம் தாங்க முடியாமல் ஒரே இழுப்பில் பிய்ந்த இடம். சுமை மாறி மாறி வந்த பாகமாக இருந்தால், அலை விட்டுப்போன மணல் தடம் மாதிரி வளைகோடுகள் கண்ணுக்கே தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இன்னும் உள்ளே போனால் சுற்றுக்கு ஒன்றாக விழுந்த மெல்லிய வரிகளும் சில உலோகங்களில் தெரியும், எண்ணக்கூட எண்ணலாம். வளைவுகள் எல்லாம் எந்தப் புள்ளியைச் சுற்றி நிற்கின்றனவோ அதுதான் பிறந்த இடம்.

மூத்தவர் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "பிறந்த இடத்துக்கு வெளிப்பக்கம் பார்" என்றார். கம்பியைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு கீறல். அதன் பக்கத்தில் இன்னொன்று. முழுக்கக் கீறல். ஓடி முடிந்த மூன்றையும் பார்த்தால், அவற்றிலும் கீறல் இருந்தது, ஆனால் நீளவாக்கில். பட்டறையில் விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. பாதித் துண்டுகளை ஒருவர் கையால் நீளவாக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். மீதியை இன்னொருவர், நேரம் மிச்சம் என்று, லேத்தில் சுழல விட்டு உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டாவது வகைதான் பார்க்க அழகாகப் பளபளத்தது! ஆனால் இழுவிசைக்குக் குறுக்கே கிடக்கிற ஒவ்வொரு கீறலும் பாதி பிறந்துவிட்ட விரிசல் மாதிரி. நீளவாக்கில் கிடக்கிற கீறலை இழுவிசை கண்டுகொள்ளாது. ஆக, நான் இத்தனை நாளாக எஃகைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, உப்புத்தாள் போன திசையைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அது வளர்கிற வேகத்தை மட்டும் அளக்கிற சோதனை இதைவிட எவ்வளவோ ஒழுங்கானது. உள்ளங்கையளவு தட்டையான துண்டு, அதில் இரண்டு துளை, பக்கவாட்டில் ஒரு வெட்டு. வெட்டின் வாயில் ஒரு கிளிப் அளவியைச் செருகி வைப்போம், விரிசல் நீள நீள அதே சுமைக்கு வாய் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறக்கும், அதிலிருந்து நீளத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். விரிசல் முனையில் தகைவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதற்கு எதிராக ஒரு சுற்றுக்கு எவ்வளவு வளர்ந்தது என்பதை மடக்கை அளவில் வரைந்தால், நடுப்பகுதியில் நேர்க்கோடு வரும். பால் பாரிஸும் அவருடைய கூட்டாளிகளும் இதை எழுதியபோது பெரிய ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன, கடைசியில் 1961-இல் ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில்தான் அது வெளிவந்தது. அந்தக் கோட்டின் சாய்வு பல உலோகங்களுக்கு மூன்றை ஒட்டி வரும், அதாவது சுமையை இரண்டு மடங்காக்கினால் விரிசல் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும்.

இதிலும் ஒரு குறும்பு உண்டு. ஒரு தடவை மின்சாரம் விட்டு வந்ததில் மெஷின் ஒரு குதி குதித்து, ஒரே ஒரு சுற்று, வழக்கத்தைவிட நன்றாக இழுத்துவிட்டது. விரிசல் பாய்ந்திருக்கும் என்று பயந்து போய்ப் பார்த்தால் அது தூங்கிவிட்டது. பல ஆயிரம் சுற்றுக்கு அசையவே இல்லை. அந்தப் பெரிய இழுப்பில் முனைக்கு முன்னால் இருந்த உலோகம் நிரந்தரமாக நீண்டுவிட்டது, சுமை இறங்கியதும் சுற்றியுள்ள உலோகம் அதைப் பிடித்து நெரிக்கிறது, விரிசலின் வாய் கட்டப்பட்டுவிடுகிறது. நாங்கள் அந்தத் துண்டையே தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்டினோம், ஏனென்றால் அதற்குப் பிறகு அது தரும் நம்பர் எல்லாம் பொய்யான நல்ல நம்பர்.

காமெட் விமானத்தில் இதேபோன்ற ஒன்று பெரிய அளவில் நடந்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்றும் ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே ஒன்றும் வானத்திலேயே பிய்ந்து விழுந்தன. முதலாவது 1,300 தடவைகூடப் பறந்திருக்கவில்லை. சோதனை செய்யாமல் விட்டார்களா என்றால், இல்லை. உடற்பகுதியின் ஒரு துண்டில் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சுமார் 16,000 தடவை தாங்கியதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் அதே துண்டை முன்னதாக வேறொரு சோதனைக்காக இயல்பான அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். தகைவு குவிகிற ஜன்னல் மூலைகள் அப்போதே சற்று நீண்டு, பிறகு நெரிபட்டு, சோர்வுக்கு எதிராகப் பலம் பெற்றுவிட்டன. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி அழுத்தினார்கள். காற்றாக இருந்தால் கிழிந்ததும் வெடித்துச் சிதறிவிடும், தண்ணீர் அப்படி விரியாது, கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,000 சுற்றுகளைக் கொஞ்சம் தாண்டியதும் அது கிழிந்தது. 16,000 என்ற நம்பரில் பொய் இல்லை. அது வேறொரு துண்டின் நம்பர்.

தேய்மானச் சோதனை பற்றியும் கேட்பார்கள். சுழலும் தட்டின் மேல் ஒரு குண்டை வைத்து அழுத்தி, எவ்வளவு தேய்ந்தது என்று எடை போட்டுப் பார்ப்பது. பார்க்கச் சுலபம், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆர்ச்சர்டின் சமன்பாட்டில் தேய்மானம் சுமைக்கும் தூரத்துக்கும் நேர்விகிதம், கடினத்தன்மைக்கு எதிர்விகிதம், கேட்க அழகாக இருக்கும். கூடவே ஒரு குணகம் இருக்கிறது, அது பரப்பு, மசகு, காற்றின் ஈரம் என்று எதைத் தொட்டாலும் பத்து மடங்கு, நூறு மடங்கு மாறும். விரல் பட்ட எண்ணெய்ப்பசையே போதும், முதல் சில மீட்டருக்கு வேறு விடை வரும். ஒரு தடவை சோதனை முடிந்து எடை போட்டால் குண்டின் எடை கூடியிருந்தது! தட்டின் உலோகம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. "தேய்மானம்: மைனஸ்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்போதெல்லாம் துண்டு வந்ததும் முதலில் யார் தேய்த்தது, எந்தத் திசையில் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன், பட்டறைக்காரர்கள் என்னைப் பார்த்தாலே சலித்துக்கொள்கிறார்கள். உடைந்த பாதிகளைத் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி டப்பியில் போட்டு வைக்கிறேன். அறிக்கையில் கோடு போடுவதற்கு முன்னால் எல்லாப் புள்ளிகளையும் போடுகிறேன், அம்புக்குறிகளையும் சேர்த்து. போன வாரம் அப்படி ஒன்றை அனுப்பினேன், பதினைந்து துண்டு, பதினைந்து புள்ளி, ஒவ்வொன்றுக்கும் விரிசல் எங்கே பிறந்தது என்று படத்தோடு. மறுநாள் காலையில் பதில் வந்தது:

"ரொம்ப நன்றி சார். சராசரி எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."