அப்பாவின் எம்.ஜி. மிட்ஜெட் கைமாறிய விதம்

மட்டக்களப்பில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கப்போகிறோம் என்று வாய் திறந்தால் முதலில் வந்து நிற்பது புரோக்கர்மார்தான். எங்களுடையது 1967ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட். 1,275 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யூ. காபரேட்டர், 'ஸ்ரீ' எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு. வந்த ஒருவர், "ரெண்டு பேர்தானே போகலாம்?" என்று கேட்டுவிட்டு ஓட்டோ விலைக்குப் பேசினார். இன்னொருவர், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஏறிய விலையை வைத்து வானத்தைத் தொடும் தொகை சொன்னார். ஆனால் வாங்க அவரிடம் ஆள் இல்லை.

இந்தக் காருக்குத் தனிச் செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாரத்தை உடலே தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' உக்கிப்போனால் மேலே எவ்வளவு பளபளத்தும் பயனில்லை. நாங்கள் இருப்பது கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது. அதனால் விளம்பரத்துக்குக் கீழ்ப்பக்கப் படங்களையே முதலில் போட்டோம், வெல்டிங் பிடித்த இடங்கள் உட்பட.

கண்டியிலிருந்து வந்தவர் பொனட் பக்கமே போகவில்லை. சட்டைப்பையிலிருந்து சிறு காந்தத்தை எடுத்து, கைலேஞ்சியில் சுற்றி, சில் நெடுக வைத்து வைத்துப் பார்த்தார். உக்கலை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. பிறகு காரை ஜாக்கில் ஏற்றிக் கதவைத் திறந்து மூடச் சொன்னார். உக்கிய உடல் என்றால் வளைந்து கதவு இறுகிவிடும். எங்களுடையது டக்கென்று மூடியது. விறாந்தையில் இருந்த அப்பா, "மனே, ஆளுக்கு வேலை தெரியும்" என்றார்.

அப்புறம் எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் (தனிச் செசி இல்லாவிட்டாலும் அதற்கு அந்தப் பெயர்தான்) இரண்டையும் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துப் பழைய எம்.ஜி. கார்களுக்குச் சான்றிதழ் தருகிறது. தம்பி அதை முன்கூட்டியே கட்டணம் கட்டி எடுத்து வைத்திருந்தான். அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் பொருந்தியதும் ஆளின் பேச்சே மாறியது. பற்றரியும் டயர்களும் பழசு என்று மட்டும் குறைத்துக் கேட்டார். நியாயம்தான், குறைத்தோம்.

இழுபறி கடதாசியில்தான் வந்தது. "அங்கிள், கையெழுத்தை மட்டும் போட்டுத் தாங்க, பேரை நான் பிறகு மாத்திக்கிறேன்" என்றார். ஊரில் பாதி வாகனம் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் பெயர் மாறாத வரை விபத்து, தண்டம் எல்லாவற்றுக்கும் கடிதம் பழைய சொந்தக்காரரைத் தேடித்தான் வரும். அப்பாவை இந்த வயதில் பொலிசுக்கு அலைய விட முடியாது. கைமாறி 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதைச் சொல்லி, உரிமை மாற்றப் படிவத்தில் வாங்குபவரின் பெயரையும் திகதியையும் அங்கேயே நிரப்பி இருவரையும் கையெழுத்திட வைத்தேன். அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் வாங்கிக்கொண்டேன். பணம் வங்கிக்கு வந்ததைப் பார்த்த பிறகே புத்தகம் கைமாறியது.

அப்பா சேர்த்து வைத்திருந்த உதிரிப்பாகப் பெட்டியையும் காரோடு சேர்த்துத் தரச் சொன்னார் வாங்கியவர். அதற்குத் தனி விலை சொன்னோம். பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார்.