‘டிர’ என்று தொடங்கும் இரண்டு மாத்திரைகள்

மருத்துவமனை மருந்தகத்தில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்த ஓர் அம்மாவின் சீட்டில் டிரமடால் 50 மி.கி. என்று எழுதியிருக்க, நான் டிரசோடோன் 50 மி.கி. அட்டைக்குப் பில் போட்டுவிட்டேன். கணினியில் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டினால் விரியும் பட்டியலில் இரண்டுக்கும் இடையே சில வரிகளே இருந்தன. அளவும் ஒன்றாக இருந்ததால் கண்ணுக்குச் சந்தேகமே எழவில்லை. டிரமடால், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச்1இல் உள்ள மருந்து. யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து அதை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டைச் சரிபார்த்த மூத்த மருந்தாளுநர், “தம்பி, டிரமடால் போனதைப் பதிவேட்டுல எழுதலையே?” என்று கேட்டபோதுதான் தவறு வெளிப்பட்டது. பெரும் தொல்லை என்று நான் சலித்துக்கொண்டிருந்த அந்தப் பதிவேடுதான் அன்று என்னைக் காப்பாற்றியது.

டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. 1977இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மை கருதி இந்தியாவில் 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டது. டிரசோடோன் 1960களில் இத்தாலியில் உருவான மனச்சோர்வு மருந்து. தூக்கம் வரவழைக்கும் என்பதால் இப்போது உறக்கமின்மைக்கும் குறைந்த அளவில் எழுதுகிறார்கள். அந்த அம்மா அதை விழுங்கியிருந்தால் வலி குறைந்திருக்காது என்பது மட்டுமல்ல, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்து அது என்பதால், அறுத்துத் தைத்த காலோடு இரவில் கழிவறைக்குப் போகிறவர் தலைசுற்றி விழுந்திருக்கக்கூடும். மாறிப்போய் மனச்சோர்வு நோயாளிக்கு டிரமடால் போனாலும் ஆபத்துதான். அதிலும் அவர் ஏற்கெனவே மனச்சோர்வு மருந்து எடுப்பவராக இருந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். மனச்சோர்வு மருந்துகளைப் போல டிரமடாலும், நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைப் பெருக்குவதால், இரண்டும் உடலில் சேரும்போது நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம் என்று நிலைமை முற்றக்கூடும்.

அமெரிக்காவில் இத்தகைய இரட்டைப் பெயர்களில் வேறுபடும் நடு எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் உண்டு; இந்த இரண்டும் அந்தப் பட்டியலில் இருப்பவையே. தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று இல்லையே! அதனால் அலமாரியில் தமிழில் ஒட்டிய சீட்டுகளில் ‘மடா’வையும் ‘சோடோ’வையும் சிவப்பு மையால் எழுதி, இரண்டையும் வெவ்வேறு தட்டுகளுக்கு மாற்றினேன். பெயர்க் குழப்பத்துக்கு இந்த அளவுக்காவது மருந்து உண்டு.

பயன்பாட்டில் வரும் குழப்பம் அவ்வளவு எளிதில் தீருவதில்லை. எலும்புப் பிரிவுச் சீட்டென்றால் வலி மாத்திரையாகத்தான் இருக்கும் என்று நோயை வைத்து மருந்தை ஊகிப்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துகளே வலிக்கும் எழுதப்படுவதால் அந்த ஊகம் கைகொடுப்பதில்லை. மனச்சோர்வுக்கு 75 மி.கி.யும் அதற்கு மேலும் தேவைப்படும் அமிட்ரிப்டிலின், நரம்பு வலிக்கு இரவில் 10 மி.கி. என்று தொடங்குகிறது. டுலோக்செட்டின் மனச்சோர்வுக்கும் எழுதப்படுகிறது, சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சலுக்கும் எழுதப்படுகிறது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலிச் செய்தியை அடக்கும் நரம்புப் பாதைக்கும் செரட்டோனினும் அதைப் போன்ற இன்னொரு வேதிப்பொருளான நார்அட்ரினலினும் தேவைப்படுவதே காரணம்.

ஒரு பெரியவர் டுலோக்செட்டின் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மகன் செல்பேசியில் தேடிப் பார்த்து அது மனச்சோர்வு மாத்திரை என்று சொல்லிவிட்டாராம். “எனக்குக் கால்தான் எரியுது, புத்தி நல்லாத்தான் இருக்கு” என்றார். மருந்து மாறிவிட்டதோ என்று எனக்கே ஒரு கணம் பழைய அச்சம் எட்டிப் பார்த்தது. சீட்டை வாங்கிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. டாக்டர் இதைக் கால் எரிச்சலுக்குத்தான் எழுதியிருக்கிறார், வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பையும் இது அமைதிப்படுத்தும் என்று விளக்கினேன். உணவோடு எடுத்தால் குமட்டல் குறையும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது என்றும் சொன்னேன். அவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.