ஐந்தாம் மாடியிலிருந்து ரொபியை இறக்கிய நாள்

தொடர்மாடி வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நன்றாக ஓடித் திரியும்போதே, செத்தால் எங்கே புதைப்பது என்று ஓரிடத்தைக் கேட்டு வையுங்கள். கேட்க வாய் வராதுதான். எனக்கும் வரவில்லை. அதனால்தான் 2022 யூலை 9ஆம் திகதி காலையில் ரொபியை அப்பாவின் சாரத்தில் சுற்றி வைத்துவிட்டு, யார் வளவில் ஒரு குழி மண் கிடைக்கும் என்று கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒவ்வொருவராகப் போன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ரொபி அப்பாவின் நாய். ரொபி மிட்டாயின் நிறம், அதுதான் பெயர். அப்பா அந்த ஜனவரியில் போனார். மே மாதம் ரொபி சாப்பாட்டை விட்டான். இரத்தம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகம் என்றார் மிருக வைத்தியர். தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை ஒரே நாளில் பழக்கியும் விட்டார். அது பெரிய வித்தையில்லை: தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்தால் கூடாரம் மாதிரி நிற்கும், அதற்குள் ஊசியைச் சரித்து விட வேண்டும். பையை யன்னல் கொளுக்கியில் மாட்டுவேன். கரண்ட் இல்லாத இரவுகளில் அம்மா டோர்ச் பிடிப்பார். கஷ்டமெல்லாம் சாமான் தேடுவதில்தான்; நாட்டில் டொலர் இல்லாமல் மருந்து, எரிபொருள், கரண்ட் எல்லாம் தட்டுப்பாடாகியிருந்த காலம். ஒரு பார்மசியில் பை இருந்தால் குழாய் இல்லை. குழாய் கிடைத்த இடத்தில் ஊசி இல்லை. சிறுநீரக நோய்க்கான டின் உணவு எந்தக் கடையிலும் இல்லை. உப்பில்லாத சோறும் முட்டையின் வெள்ளைக்கருவும் கொடுத்து ஆறு வாரம் ஓட்டினோம்.

ஜனாதிபதியைப் பதவி விலகச் சொல்லி மறுநாள் கொழும்பில் பெரிய போராட்டம் என்பதால், 8ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பொலிஸ் ஊரடங்கு போட்டார்கள். பதினொன்றரைக்கு ரொபி போய்விட்டான். சத்தமில்லை, இழுப்பில்லை. அம்மாவின் காலடியில் படுத்திருந்தவன் மூச்செடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே கால்களை மடித்து, தூங்கும்போது சுருண்டிருப்பானே, அப்படிப் படுக்க வைத்துவிடுங்கள். நான் அழுதுகொண்டு இருந்துவிட்டேன். விடியும்போது நான்கு கால்களும் நீட்டி விறைத்துப்போய், வாங்கி வைத்திருந்த பெட்டிக்குள் அடங்கவில்லை. அடியில் பொலித்தீனும் பழைய பேப்பரும் விரியுங்கள், ஈரம் கசியும். கண் மூடாது. எத்தனை தரம் தடவி மூடினாலும் திறந்துகொள்ளும். பிறகு விட்டுவிட்டேன். பிரீசரில் இருந்த தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து வயிற்றோடு வைத்தோம்.

காலையில் முதல் கோல் கிளினிக்குக்கு. தங்களிடம் வைத்து இறந்தால் மட்டும்தான் பொறுப்பெடுப்பார்களாம், அதுவும் ஏற்றிப்போகும் லொறிக்கு டீசல் இல்லையாம். அடுத்தது ஓர் அரச அலுவலகம். பன்னிரண்டு தரம் மணி அடித்த பிறகு எடுத்தவர், என் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ஒன்றும் செய்ய முடியாது, திங்கட்கிழமை எடுங்கள் என்றார். யூலை மாதம், கரண்ட் வந்து போகிற வீடு, திங்கட்கிழமையாம்! கனடாவில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் வந்து, அங்கேயென்றால் ஆள் வந்து எடுத்துப்போய்ச் சாம்பலையும் கையில் தருவார்கள் என்றான். கோலை வெட்டிவிட்டேன்.

அம்மா மெதுவாகச் சொன்னார்: “அப்பாவுக்கு ஒரு கோல்தானே எடுத்தனாங்கள். வாகனமும் பெட்டியும் வந்திட்டுது.”

தெஹிவளையில் தெரிந்த ஒருவர் சரி என்றார். கால் மணித்தியாலம் கழித்து அவரே எடுத்து, கிணறு பக்கத்தில் இருக்கிறது, குடிக்கிற தண்ணீர், குறை நினைக்க வேண்டாம் என்றார். அவரில் பிழையில்லை. கடைசியில் இரத்மலானைப் பெரியம்மா, “பிள்ளை, நீ யோசிக்காமல் கொண்டு வா, பின் வளவு சும்மாதானே கிடக்குது” என்றார். அவரை ஏன் முதலில் கேட்கவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

இடம் கிடைத்தது, வாகனம்? அந்த நாட்களில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் பெற்றோல் இல்லை. லீற்றர் 470 ரூபா என்பது பம்பில் எழுதியிருந்த விலை மட்டும்தான். ஒழுங்கை முனையில் நின்ற ஆட்டோத் தம்பி முதலில் 5000 என்றான். என்ன சாமான் என்று கேட்டு, தெரிந்ததும், “இல்லை அக்கா, பூசை போட்ட வண்டி” என்று திரும்பிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நின்ற சிங்களப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சீட்டுக்குக் கீழேயிருந்து ஒரு சாக்கை எடுத்து உதறி விரித்தார். “3000, போக வர” என்றார். இரண்டு லீற்றர்தான் இருக்கிறது, சுற்றி அலைய முடியாது என்றும் சொன்னார்.

லிப்டில் கொண்டுபோகக் கூடாது என்று கட்டட நிர்வாகத்திலிருந்து ஒரு மனிதர் கதவடிக்கு வந்து சொன்னார். சொல்லும்போதே கரண்ட் போனது. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. செக்கியூரிட்டி அண்ணா தலைப்பக்கமும் நான் கால்பக்கமும் படுக்கை விரிப்பில் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினோம். மெலிந்திருந்தும் 21 கிலோ. ஒவ்வொரு தட்டிலும் இளைப்பாறினோம். அம்மா மேலே நின்றுவிட்டார்.

காலி வீதியில் சனம் கொடிகளோடு லொறியிலும் சைக்கிளிலும் நடந்தும் கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் போன வண்டி எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பையன் எட்டிப் பார்த்து, ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டான். டிரைவர் சாக்கைக் காட்டினார். பையன் தொப்பியைக் கழற்றினான்.

இரத்மலானையில்தான் மற்றப் பிரச்சினை. பெரியம்மாவின் கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன், படலையிலேயே மறித்தார்.

“எதால செத்தது?”

“கிட்னி.”

“விசர் ஊசி போட்ட அட்டை இருக்கா?”

இல்லை. வெள்ளவத்தையில் கிடந்தது. கோபம் வந்தது. ஆனால் விசர்நாய் பயம் இங்கே சும்மா பயமில்லை. சந்தேகமான நாய் செத்தால் தலையைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கிற நாடு. அவர் கேட்டது நியாயம். திரும்பிப் போய்வரப் பெற்றோலும் இல்லை. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பத் தெரியாது. செக்கியூரிட்டி அண்ணாவுக்குப் போன் எடுத்து, மறுபடி ஐந்து மாடி ஏற வைத்தேன். முக்கால் மணித்தியாலம் ஆட்டோவுக்குள் ரொபியோடு இருந்தேன். தயவுசெய்து அந்த அட்டையைப் படம் எடுத்து இப்போதே போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வந்தது. அப்பாவின் சாய்ந்த எழுத்து. ‘ரொபி, ஆண், மண்ணிறம்.’ ஒவ்வொரு வருட ஊசிக்கும் பக்கத்தில் அன்றைய நிறை. கடைசி வரியில், 2021 செப்ரெம்பர், 29 கிலோ. அடுத்தது: 2022 செப்ரெம்பர். அந்த மனிதர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அலவாங்கோடு வந்தார்.

குழி நான்கடி. மேல் மண் இலகு, இரண்டடிக்குக் கீழே கபுக்கல், இறுகிய செம்புறைக்கல். ஒரு பாட்டம் குத்திவிட்டு அவர் போனைப் பார்த்தார். ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்துவிட்டதாம். ஆட்டோப் பெரியவரும் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, திரும்பக் குத்தத் தொடங்கினார்கள். பெரியம்மா சுண்ணாம்பும் ஒரு பிடி செவ்வரத்தம் பூவும் கொண்டுவந்தார். நாய் தோண்டாமலிருக்க மேலே கல் வைத்தோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அது எங்கே கிடந்தது என்று கேட்டேன். அப்பாவின் மரணச் சான்றிதழ் இருக்கிற பைலில் என்றார். பிறகு, பாவிக்காத சேலைன் பைகள் மூன்று இருக்கிறதே, கிளினிக்கில் கேட்டு யாருக்காவது கொடு என்றார். செவ்வாய்க்கிழமை, கல்கிசையிலிருந்து ஒரு பூனைக்காரர் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போனார். குழாயும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.