பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

இயற்கையோடு இசைந்த கட்டுமானத்துக்கும் வாழ்முறைக்கும் என்றே அமைத்த வளாகங்களுக்குப் போகிறவர்கள், சோலார் தகடுகளையும் வளைவுக் கூரைகளையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுற்றிக் காட்டுபவரிடம் கட்டடங்களின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

மண்கல் சுவராக இருந்தால் அடி வரிசையை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால், கூரை போதிய அளவு வெளியே நீளாமல் மழைநீர் தரையில் பட்டுத் தெறித்திருக்கலாம். இல்லையென்றால் கல்லை ஈரம் காக்காமல் காயவிட்டிருப்பார்கள். அழுத்திச் செய்யும் இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலக்கிறார்கள். அது இறுகுவதற்கு ஈரம் வேண்டும். 28 நாள் ஈரம் காத்தார்களா என்று கேளுங்கள். களி மிகுந்த மண் என்றால் காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும், அல்லது சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு.

தண்ணீர் ஊற்றாமல் பயன்படுத்தும் உலர் கழிப்பறையில், மலம் சேரும் அறையின் பின்புறக் கதவைத் திறந்து காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். நன்றாக நடக்கும் அறையில் மூக்கைப் பொத்த வேண்டியிருக்காது. சிறுநீர் தனிக் குழாயில் போய்விட வேண்டும். மலத்தின் மேல் ஒவ்வொரு முறையும் இரண்டு கை சாம்பலோ மரத்தூளோ விழ வேண்டும். நாற்றமும் புழுவும் வந்தால், உள்ளே தண்ணீர் போகிறது என்று பொருள். பெரும்பாலும் கழுவும் தண்ணீர்தான் வழிமாறி விழுந்திருக்கும். அதனால் கழுவுவதற்கென்று தனித் தொட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறைகள் இரண்டு இருக்கும். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைத் திறப்பார்கள். மூடியதை எப்போது எடுக்கலாம்? வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் இடங்களில் ஓராண்டுக்கு மேல் கிடக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி. அவசரப்பட்டு ஆறே மாதத்தில் அள்ளினால் குடற்புழு முட்டைகள் உயிரோடு இருக்கக்கூடும். மூடிய தேதியைக் கதவிலேயே எழுதி வைத்திருக்கும் வளாகத்தை நம்பலாம்.

மழைநீர்த் தொட்டிக்குக் கணக்கு எளிது: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை, 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5000 லிட்டர். தெறித்தும் ஊறியும் போவதைக் கழித்தால் சுமார் 4000 தேறும். முதல் 1 முதல் 2 மில்லிமீட்டர், அதாவது 100 முதல் 200 லிட்டர், பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தொட்டிக்குப் போகாமல் தனியே வாங்கிக்கொள்ளும் நிலைக்குழாயின் அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற வராமல் இறுகியிருந்தால், அது வெகுநாளாகத் திறக்கப்படவில்லை. அழுக்கு நேரே தொட்டிக்குப் போகிறது.

கழிவுநீரைச் சல்லியும் நாணலும் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் நாணல் படுகையில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சல்லியின் மேற்பரப்புக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே ஓட வேண்டும். நுழைவாயில் பக்கம் மட்டும் தேங்கிக் கொசு மொய்த்தால் அங்கே சல்லி அடைத்திருக்கிறது. நாணலைக் குறை சொல்லிப் பயனில்லை. படுகைக்கு முன்னாலுள்ள கசடுத் தொட்டியைத் தூர்வாராததுதான் பெரும்பாலும் காரணம்.