ஒரே நிறத்தில் ஒரு மணி

கண்ணாடி மணி செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும், பூப்போட்டது வருமா, புள்ளி வைத்தது வருமா, உள்ளே வெள்ளி மின்னுகிற மாதிரி வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வரும். ஆனால் புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரே நிறத்தில் எந்த வேலைப்பாடும் இல்லாத உருண்டை மணியை முதலில் ஒழுங்காகச் செய்யப் பழகுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மேலே புள்ளி வைத்தால் கோணல் மறைந்துவிடும். வெறும் மணியில் எதையும் மறைக்க முடியாது.

லேம்ப்வொர்க் என்கிற முறை இது. மேசையில் பொருத்திய, தீச்சுடர் விடும் டார்ச், அதற்கு எரிவாயுவும் ஆக்ஸிஜனும். மெல்லிய ஸ்டீல் கம்பியைக் களிமண் குழம்பில் முக்கிக் காயவைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பூச்சு இருந்தால்தான் கடைசியில் மணி கம்பியிலிருந்து கழன்று வரும். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடிக் குச்சி. குச்சியைச் சட்டென்று தீக்குள் நீட்டினால் டப்பென்று வெடித்துத் துண்டு பறக்கும். சுடரின் கடைக்கோடியில் காட்டிக் காட்டி எடுத்து, மெதுவாகச் சூடேற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். நுனி உருகித் திரண்டு கெட்டிப் பாகு மாதிரி தொங்க ஆரம்பிக்கும்போது, லேசாகச் சிவந்திருக்கும் கம்பியில் அதைத் தொடவைத்து, கம்பியை மட்டும் நமக்கு எதிர்ப்பக்கமாக உருட்டினால் கண்ணாடி தானாகச் சுற்றிக்கொண்டு வரும். அதன்பிறகு உருட்டுவதை நிறுத்தவே கூடாது, ஒரு கணம் நின்றாலும் கண்ணாடி கீழ்ப்பக்கமாக வழிந்துவிடும். உருண்டை வடிவத்தைக் கொடுப்பது நம் கை இல்லை, உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை. அது தன் வேலையைச் செய்யும்படி சூட்டையும் சுழற்சியையும் சீராக வைத்திருப்பதுதான் நம் வேலை.

கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி கட்டாயம். சூடான கண்ணாடியில் உள்ள சோடியத்தால் சுடர் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக எரியும், கறுப்புக் கூலிங் கிளாஸ் போட்டால் எல்லாமே இருட்டாகிவிடும். டிடிமியம் அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டுவதால், தீக்குள் மணியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதுகூடத் தெளிவாகத் தெரியும். பருத்தி உடை, கட்டிய தலைமுடி, நல்ல காற்றோட்டம் இதெல்லாம் சொல்லாமலே தெரிய வேண்டியவை.

மணி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதன் இரண்டு முனைகளைப் பாருங்கள். சுற்றிய அகலத்துக்குப் போதுமான கண்ணாடி இருந்தால் துளையைச் சுற்றி முனை உள்வாங்கிக் குழிந்து நிற்கும். கண்ணாடி போதாவிட்டால் விளிம்பு மெலிந்து கூராகிவிடும், அந்தக் கூர் விளிம்பு கோத்த நூலை நாள்பட அறுத்துவிடும். ஆகவே முதல் சுற்றைக் குறுகலாகச் சுற்றி, அதன் நடுவில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே போவது நல்லது.

செய்வதைவிட ஆறவிடுவது பெரிய வேலை. வெளிப்பக்கம் சீக்கிரம் குளிர்ந்து உட்பக்கம் சூடாகவே இருந்தால் கண்ணாடிக்குள் அழுத்தம் தங்கிவிடும், மணி மறுநாளோ மறுமாதமோ தானாக விரிசல் விடும். அதனால் நேராகச் சூளைக்குள் வைத்து, 500 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு மணிக்கணக்கில் சூட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். செராமிக் கம்பளிக்குள் செருகி ஆறவைக்கலாமே என்பார்கள். அது தற்காலிகத்துக்குத்தான், அந்த மணியும் பிறகு சூளை ஏறியே ஆக வேண்டும். சூளை காணாத மணியை அடுத்தவருக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதேபோல, சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்று காட்டும் விரிவெண்ணையும் கவனிக்க வேண்டும். இத்தாலியின் முரானோவிலிருந்து வரும் குச்சிகளுக்கு அது 104, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக்கு 33. இரண்டையும் ஒரே மணியில் கலந்தால் எவ்வளவு பக்குவமாக ஆறவிட்டாலும் விரிசல் நிச்சயம். உடைந்த கண்ணாடி வளையலைப் பார்த்தால் உருக்கிச் சேர்க்க எனக்கும் ஆசை வருகிறது, ஆனால் அதன் விரிவெண் தெரியாது என்பதால் அதை வேறு எதனுடனும் சேர்ப்பதில்லை.

வெறும் மணியின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு வந்தது புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்த பிறகு. தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்த அதே அரிக்கமேடு. அங்கே செய்த சின்னச் சின்ன ஒற்றை நிற மணிகளின் வகை தென்கிழக்கு ஆசியா வரை பரவியது, அவற்றில் சிலவற்றின் மங்கிய சிவப்பு செம்பினால் வந்தது. அங்கே மணி செய்தவர்கள் கம்பியில் சுற்றவில்லை. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனைகளை மழுக்கினார்கள். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை அதே போன்ற முறையில் மணி இழுத்திருக்கிறார்கள். சூளை முன் நின்று இப்படிக் குழல் இழுத்த கைகளை நினைத்தால் எனக்கு வணங்கத்தான் தோன்றுகிறது.

வெறும் மணி கைக்கு வந்துவிட்டால் தந்தநிற மணியின் மேல் டர்க்காய்ஸ் நீலப் புள்ளி வைத்துப் பாருங்கள். நீலத்தில் உள்ள செம்பும் தந்தநிறத்தில் உள்ள கந்தகமும் சேர்ந்து புள்ளியைச் சுற்றிக் கருங்கோடு ஒன்று தானாக விழும். அழகு!

நகையாகக் கோக்கும்போது இரண்டு விஷயம். துளைக்குள் ஒட்டியிருக்கும் களிமண் பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்து எடுங்கள், அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. இணைப்பு வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் விலக்கி இழுக்காமல், ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருகுங்கள், வட்டம் கெடாது. கண்ணாடி கனமானது என்பதால் மாலைக்கு நைலான் பூசிய ஸ்டீல் இழைதான் நான் போடுவது. தோட்டுக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் மணி செய்வதில்லை, அதற்கு மேல் போனால் காது மடல் இழுபடும்.