சுவரில் தேனீக்கு ஓர் இடம்

மண்வீட்டில் குடியிருக்கிறோம் என்று சொன்னால், மழைக்கு அது தாங்குமா என்பதே பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி. கருங்கல்லால் கடைகால் கட்டி, மண்சுவரைத் தரைமட்டத்திலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி, தாழ்வாரத்தை நன்றாக வெளியே இறக்கி ஓடு வேய்ந்தால் தாங்கும். சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் ஆண்டுதோறும் பூச்சைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. நாம் கையால் எழுப்பும் சுவர் நம்மைத் தவிர வேறு எந்த உயிருக்கு இடம் தருகிறது என்பதை வீடு கட்டும் போதே யோசிக்க வேண்டும் என நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை தேனீக்கள்.

தெற்குச் சுவரில், சன்னல் நிலைக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்த இடுக்கில் கொசுத்தேனீக் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தத் தேனீக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. ஆகவே அது மரப்பிசினையும் மெழுகையும் குழைத்து வாசலில் ஒரு குழல் அமைத்து, அதன் விளிம்பில் காவல் நிற்கிறது. எறும்பு ஏறினால் அந்தப் பிசினிலேயே சிக்கிக்கொள்ளும். மற்ற தேனீக்களைப் போல் அடை கட்டாமல், சிறு சிறு மெழுகுக் குடங்களில் தேனைச் சேமிக்கிறது. ஒரு கூட்டில் ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் சில நூறு கிராம்தான் தேறும் என்பதால் நாங்கள் அதைத் தொடுவதில்லை. உணவு தேடி இது சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே பறக்கும். எனவே வீட்டைச் சுற்றி என்ன பூக்கிறது என்பதே அதன் வாழ்வைத் தீர்மானிக்கிறது. முருங்கை, துளசி, எலுமிச்சை ஆகியவற்றை நாங்கள் நட்டோம். தானாக முளைத்த தும்பையைக் களை என்று பிடுங்காமல் விட்டோம்.

அதே சுவரின் பூசப்படாத பகுதியில் வேறொரு விருந்தாளியும் உண்டு. வயிற்றில் நீல வரிகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்ணில் தனக்கென ஒரு துளை குடைந்து முட்டையிடுகிறது. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைத்தால்தான் அது நன்றாக உதிரும். தேன் தரும் அடுக்குத்தேனீக்கோ மலைத்தேனீக்கோ இந்த வித்தை தெரியாது; நீலப்பட்டைத் தேனீக்கும், மரத்தைக் குடையும் தேனீயான கருவண்டுக்கும் தெரியும். தோட்டத்தில் காய் பிடிப்பதற்கும் சுவரில் துளை இருப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அறிந்த பிறகு, அந்தப் பகுதியைப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.

தேனீக்கென்றே சுவரில் இடம் விட்டுக் கட்டும் மரபு மேற்கு இமயமலையில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. 1822–23இல் காஷ்மீரில் தங்கியிருந்த வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயப் பயணி, அங்குள்ள குடியானவர்கள் வீடு கட்டும்போதே சுவர்க் கனத்துக்குள் உருளை வடிவில் இடம் விடுவதையும், அதன் உட்புறத்தை மண் குழம்பால் மெழுகுவதையும், வீட்டுக்குள் திறக்கும் பக்கத்தை வட்டமான மண்தட்டால் மூடுவதையும் விரிவாக எழுதியிருக்கிறார். வெளிப்பக்கத்தில் தேனீ நுழையுமளவுக்கு ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். தேன் எடுக்கும் நாளில் வீட்டுக்காரர் உள்ளிருந்தபடியே தட்டை அகற்றி, வைக்கோல் புகையை மெல்ல ஊதுவார். தேனீக்கள் வெளி வாசலுக்கு நகர்ந்துவிடும். கூட்டத்தை அழிக்காமல் தேனடையை அறுத்துக்கொண்டு மறுபடி மூடிவிடலாம். இமாச்சலத்திலும் உத்தராகண்டிலும் கல்லும் மரமும் மண்ணும் கொண்டு கட்டிய பழைய வீடுகளில் இத்தகைய சுவர்க்கூடுகள் உண்டு. அவற்றில் வாழ்வது நம் ஊரில் பொந்துகளில் வாழும் அதே அடுக்குத்தேனீ இனம். புழு வளரும் அடையை அது 33 முதல் 35 பாகை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். பனி பொழியும் மலையில் கனத்த சுவர் அந்த உழைப்பில் ஒரு பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. மனிதர் குடியிருக்கும் அறைக்கும் தேனீ குடியிருக்கும் அறைக்கும் இடையே ஒரு மண்தட்டுதான் இருந்திருக்கிறது!

சிமெண்டு வீட்டில் இதற்கெல்லாம் இடம் குறைவு. சிமெண்டு தயாரிக்கச் சூளை வெப்பம் 1,450 பாகையைத் தொட வேண்டியிருப்பதும், உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு அந்தத் தொழிலிலிருந்து வருவதும் பலரும் அறிந்தவை. எனக்கு அதிகக் கவலை தருவது கறையான் தடுப்பு. வீட்டின் அடித்தளத்தைச் சுற்றித் துளையிட்டு, குளோர்பைரிபாஸ் அல்லது இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த நீரை மண்ணில் இறக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. இவற்றுள் இரண்டாவதைத் தேனீக்களுக்கு ஏற்படும் கேட்டைக் காரணம் காட்டி, திறந்த வயல்களில் பயன்படுத்தக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. கறையானுக்கு நாங்கள் கண்ட வழி பழையதுதான்: கல் கடைகால், அதன் மேல் சுண்ணாம்புக் காரை, சுவரை ஒட்டி ஈரம் தேங்காத தரை, வாரம் ஒருமுறை சுற்றிவந்து மண்கோடு தெரிந்தால் அங்கேயே துடைத்துவிடுவது. கூடுதல் வேலைதான், ஆனால் செய்ய முடிந்த வேலை.

பெட்டியில் தேனீ வளர்த்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெட்டி வளர்ப்பை நான் மதிக்கிறேன். திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் 1910களில் அடுக்குத்தேனீக்கேற்ற பெட்டியை வடிவமைத்ததும், மார்த்தாண்டம் வட்டாரம் அத்தொழிலால் செழித்ததும் நமக்குப் பெருமை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, நெருக்கமாக வைத்து வளர்த்த கூட்டங்கள் ஏராளமாக மடிந்தன. நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் அந்த இனம் மறுபடி பெருக முடிந்தது. மரப்பொந்து, பாறை இடுக்கு, பழைய சுவர் என்று சிதறி வாழும் கூட்டங்கள் நமக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய மண்சுவர்கள் ஊர்தோறும் இடிபடும் காலம் இது. இடிக்கும் முன் சுவரில் பிசின் குழல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், குழலைச் சிதைக்காமல் தனியே எடுத்துவைத்துவிட்டு, சுவரை மெதுவாகப் பெயர்த்து, முட்டை அறைகளையும் ராணியையும் ஒரு மண்கலயத்துக்கோ மரப்பெட்டிக்கோ மாற்ற வேண்டும். உடைந்து வழியும் தேன் கூட்டினுள் தேங்கினால் எறும்பு வரும். அதைத் துடைத்துவிடுவது நல்லது. எடுத்துவைத்த பிசின் குழலைக் கலயத்தின் துளையில் ஒட்டி, கூடு இருந்த அதே இடத்தில், அதே திசையை நோக்கி, பொழுது சாயும்வரை வைத்திருந்தால், வெளியே போயிருந்த தேனீக்கள் தம் வாசனையை அறிந்து உள்ளே சேர்ந்துவிடும். இருட்டிய பின் துளையை வலைத்துணியால் அடைத்து, வெயில் நேரடியாகப் படாத வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.